ஆண்டாயி சொன்னால் ஜீப் நிற்கும்

பந்தலூருக்கும் நெல்லியாளத்துக்கும் இடையே, காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை வைத்த டிவிஷன் ஒன்றில் அரசாங்க ஜீப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஸ்டியரிங் உண்டு. ஹாரன் உண்டு. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கயிறு உண்டு. பிரேக் மட்டும் ஆண்டாயி.

இது உயர்வு நவிற்சி அல்ல. மேட்டில் ஏறும்போது ஜீப் மூச்சு வாங்கி நின்றால், பின்பலகையில் நின்று வரும் ஆண்டாயி கீழே குதிப்பார். இடுப்பில் குழந்தையைப் போல வைத்திருக்கும் பலாக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகுவார். பின்வாங்கப் பார்க்கும் ஜீப், கட்டையைக் கண்டதும் மனத்தை மாற்றிக்கொள்ளும். இறக்கத்தில் நிறுத்த வேண்டுமென்றால் டிரைவர் கியரைக் குறைத்து, வண்டியை ஓரத்து மண்மேட்டில் உரசவிட்டு, "அக்கோவ்!" என்பார். அக்கா முன்னால் ஓடிப்போய்க் கட்டையைப் போடுவார். அதன்பிறகு டிவிஷன் அதிகாரி தனசிங், தாம் நினைத்த இடத்திலேயே வண்டி நின்றதுபோல, கௌரவமாக இறங்குவார்.

ஆண்டாயி பிறந்தது சிலோனில், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, ஆளுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டபோது ஆண்டாயி இந்தியாவின் பங்குக்கு வந்தார். கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். அன்றுமுதல் காகிதங்களில் அவர் 'தாயகம் திரும்பியவர்'. போயே இராத இடத்துக்குத் திரும்பி வருவது எல்லோராலும் ஆகிற காரியமல்ல. ஆண்டாயி அதைச் செய்துகாட்டினார். வந்ததும் மலையைப் பார்த்தார், தேயிலையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், காலில் ஏறிய அட்டையைப் பார்த்தார்.

"அங்க இருந்ததேதான் இங்கயும் இருக்கு. இதுக்கா கப்பல் ஏறுனோம்?" என்று கணவர் மூக்கனைக் கேட்டார்.

மூக்கன் பூசாரி. சிலோனில் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தை ரோதை என்பார்கள். அந்த ரோதைக்குக் காவல் நிற்கும் ரோதைமுனிக்குப் பூசை போட்டுவந்தவர் மூக்கன். கப்பலில் ஆளுக்கு இவ்வளவுதான் சாமான் என்று கட்டுப்பாடு இருந்ததால், அண்டா குண்டாவை விட்டுவிட்டுச் சாமியை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். சாமி என்பது ஒரு கல்லும் ஒரு சூலமும். "ஆக்கித் திங்கச் சட்டி இல்ல, சாமி மட்டும் வந்து எறங்கியிருக்கு" என்று ஆண்டாயி மண்டபத்திலிருந்து பந்தலூர் வரை சொல்லிக்கொண்டே வந்ததற்குச் சாட்சிகள் உண்டு.

கட்டை வேலை அவருக்கு யாரும் பார்த்துக் கொடுத்ததல்ல. ஒருநாள் ஆபீஸ் மேட்டில் நிறுத்தியிருந்த ஜீப், உள்ளே தனசிங் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருந்த வேளையில், தன்பாட்டுக்குப் பின்னால் நகர ஆரம்பித்தது. விறகோடு வந்துகொண்டிருந்த ஆண்டாயி, சுமையிலிருந்து ஒரு கட்டையை உருவிச் சக்கரத்தடியில் போட்டார். போட்டுவிட்டு நடையைக் கட்டினார். கண்விழித்த தனசிங், தமக்கும் கீழே இருந்த பள்ளத்துக்கும் நடுவில் ஒரு விறகுக்கட்டை மட்டுமே நிற்பதைப் பார்த்தார். மறுநாளே ஆண்டாயி கொழுந்து பறிப்பதிலிருந்து ஜீப்புக்கு மாற்றப்பட்டார்.

தனசிங் நாசரேத்துப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். அவரைத் 'தொரை' என்று கூப்பிட்டவர் அந்த டிவிஷனிலேயே ஆண்டாயிதான். சிலோன் பழக்கம். "அப்படிக் கூப்பிடாதம்மா, இது சுதந்திர நாடு" என்று தனசிங் ஒருமுறை கண்டித்தார். மறுநாள் ஆண்டாயி "ஐயா" என்றபோது அவருடைய முகம் வாடிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், அதற்கும் மறுநாள் ஆண்டாயி அவரைப் பழையபடி தொரை ஆக்கிவிட்டார்.

ஜீப் மலைச்சரிவுகளைக் கடக்கும்போது, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்களில் வாய்க்காரி பாலாமணி.

"கலெக்டரம்மா போறாங்க, வழிய விடுங்கடி!"

"விட்டுருங்க" என்பார் ஆண்டாயி, பின்பலகையிலிருந்து. "இந்த வண்டிக்குப் பிரேக்கு நான்தேன். இன்னைக்கு எனக்குக் கோவம் வேற."

இந்தப் பதவி ஆண்டாயியின் நடையை மாற்றியிருந்தது. லயத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட, குடம் நிரம்பியதும் அது நகராமல் இருக்கிறதா என்று ஒருதரம் காலால் தட்டிப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட நிலையில் ஒருநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் நேரத்தில், தனசிங் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம ஜீப்புக்குக் கோயமுத்தூர்லேர்ந்து பிரேக் சாமான் வந்துட்டு. நாலு சக்கரத்துக்கும் ஷூ, சிலிண்டர், எல்லாம் புதுசு. இனிமே நம்ம வண்டியும் நாலு பேரு வண்டி மாதிரி நிக்கும்!"

கைதட்டல் எழுந்தது. ஆண்டாயியும் தட்டினார்.

"ஆண்டாயி, சாமானை மாட்டுனதும் நீ கொழுந்துக்குப் போயிரும்மா. கட்டைய ஸ்டோர்ல ஒப்படைச்சிரு."

தட்டிய கை பாதியில் நின்றது. தகுந்த இடத்தில் நின்றது என்றே சொல்ல வேண்டும், தொழில் பழக்கம்.

அன்று சாயங்காலம் மூக்கன் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "நல்லதுதானே புள்ள? குதிச்சுக் குதிச்சு ஒனக்கு முட்டி தேயுது."

"முட்டி என்னோடது. அது தேஞ்சா ஒனக்கு என்னா?"

"இல்ல, கொழுந்து வேலையும் நம்ம வேலதானே…"

"வேல நம்ம வேலதேன். கொழுந்து பறிக்க எனக்கு என்னா கை வராதா? பாலாமணி சிரிப்பாய்யா. கலெக்டரம்மா எறங்கி வந்துட்டாங்கன்னு மல முழுக்கக் கேக்கச் சிரிப்பா. அவ சிரிக்கிறதுக்கு முந்தி நான் சிரிச்சிரணும். அது இன்னும் எனக்குப் பழகல."

மூக்கனின் கவனமெல்லாம் கோயமுத்தூர்ச் சாமான்களின் மேல் இருந்தது. புதிதாக எந்த இரும்பு தோட்டத்துக்குள் வந்தாலும் அது முதலில் ரோதைமுனியின் முன்னால் ஓர் இரவு இருக்க வேண்டும். எண்ணெய்க் காப்பும் சந்தனமும் ஆன பிறகுதான் வேலைக்குப் போக வேண்டும். இது சிலோனில் கொழுந்து அரைக்கும் இயந்திரம் முதல் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி வரை கடைப்பிடித்த வழக்கம். அந்த இரும்பெல்லாம் எண்ணெயைக் குடித்து வழுவழுவென்று உழைத்ததை மூக்கன் கண்ணால் கண்டிருக்கிறார்.

டிரைவர் இராஜமாணிக்கம் மேட்டுப்பாளையத்துக்காரர். ஆயுத பூசைக்கு ஸ்பேனருக்கெல்லாம் தனித்தனியே பொட்டு வைப்பவர். "அதுக்கென்னுங் பூசாரி, தாராளமாச் செய்யுங்க. சாமி காரியத்துல நாம கை வைக்கலாமுங்களா?" என்று சாமான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். தனசிங் வேதக்காரர், சூலத்தின் பக்கம் போகமாட்டார். ஆனால் தூரத்தில் நின்று, தம்முடைய முறைப்படி, கண்ணை மூடி ஒரு சிறு ஜெபம் செய்தார். இத்தனை பேர் ஆசீர்வதித்த பிரேக் இந்த மாவட்டத்தில் வேறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் பிரேக் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். சக்கரத்துக்குள் டிரம் என்று ஓர் இரும்புச் சட்டி சுற்றும். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு இரும்புகள் சுற்றாமல் இருக்கும், அவைதான் ஷூ. அவற்றின் முதுகில் லைனிங் என்ற சொரசொரப்பான பட்டை ஒட்டியிருக்கும். பெடலை மிதித்தால், சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தள்ள, பிறைகள் விரியும், சொரசொரப்பு சட்டியைப் பிடிக்கும், வண்டி நிற்கும். எண்ணெயைக் கண்டால் மகிழும் இரும்புலகத்தில், எண்ணெய் அறவே ஆகாத ஒரே பிறவி இந்த லைனிங்தான். இதை ரோதைமுனிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூக்கன் அன்று கை நிறைய நல்லெண்ணெய் எடுத்தார். கருமித்தனமில்லாத பக்தி. ஒவ்வொரு பிறையையும் மடியில் வைத்து, பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் முதுகில் தேய்த்தார். புது லைனிங் தாகத்தோடு குடித்தது. விடிந்ததும் இராஜமாணிக்கம் சந்தனத்தை மட்டும் துடைத்துவிட்டு, "புதுச் சாமான்னா புதுச் சாமான்தானுங், என்னா மினுமினுப்புப் பாருங்க!" என்று வியந்தபடியே நாலு சக்கரத்திலும் மாட்டினார்.

ஆண்டாயி கட்டையை ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனார். அதை விறகு என்று வாங்குவதா, ஜீப்பின் உதிரிபாகம் என்று வாங்குவதா என்று ஸ்டோரில் விளங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இனம் அரசாங்கத்தில் இல்லாததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆண்டாயி கட்டையைக் கொழுந்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறினார். பாலாமணி, ஆண்டாயிக்கு ஒதுக்கிய செடி வரிசையைக் காட்டி, எதிர்பார்த்தபடியே சிரித்தாள்.

"வாங்க கலெக்டரம்மா! உங்க நெரைய கூட்டிப் பெருக்கி வச்சிருக்கோம்."

"பெருக்குனது போதும், கொழுந்த ஒழுங்கா எடு. முத்தல் எல கிடக்கு ஒங் கூடையில" என்றார் ஆண்டாயி. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. எல்லோருக்கும் அது கேட்டது.

சற்று நேரத்தில் ரோட்டில் ஹாரன் சத்தம் வந்தது. ஒருமுறை அடித்தால் மரியாதை, இருமுறை அடித்தால் அவசரம். இது விடாமல் அடித்தது. ஆண்டாயி நிமிர்ந்தார்.

ஜீப் வந்துகொண்டிருந்தது. வேகம் ஒன்றும் அதிகமில்லை. முதல் கியரில், கல்யாண ஊர்வலம்போலத்தான் வந்தது. ஆனால் நிற்பதாக இல்லை. இராஜமாணிக்கம் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் தனசிங், ஏதும் நடக்காததுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கதவுக் கயிற்றைப் பிடித்திருந்தார். வளைவு வந்தது. இராஜமாணிக்கம் பள்ளத்தைத் தேர்ந்தெடுக்காமல் மேட்டைத் தேர்ந்தெடுத்தார். ஜீப் ரோட்டோரத்து மண்ணில் ஏறி, தேயிலைச் செடிகளுக்குள் முகத்தைப் புதைத்து, பெண்கள் கலைந்தோடிய இடத்தில் வந்து நின்றது. நின்று, ஒரு கணம் யோசித்து, பின்னால் உருள ஆரம்பித்தது.

பின்னால் இருந்தது பள்ளம்.

ஆண்டாயி கூடையைக் கழற்றிய வேகத்தில் கொழுந்தெல்லாம் சிதறியது. கட்டை சக்கரத்தடியில் போய் உட்கார்ந்தது. ஜீப் ஒருமுறை முனகி அடங்கியது.

"அக்கோவ்!" என்றார் இராஜமாணிக்கம், காரியம் முடிந்த பிறகு.

சக்கரத்தை அங்கேயே கழற்றினார்கள். டிரம்மை இழுத்ததும் உள்ளேயிருந்து கமகமவென்று ஒரு வாசனை வந்தது. தோசை வார்க்கும் வீட்டின் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. தனசிங் ஒரு விரலால் லைனிங்கைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு இரண்டும் இரண்டும் நாலாகக் கூடியது.

"நல்லெண்ணெய்" என்றார். "பூசுனது யாரு? மூக்கன். மூக்கன் பொண்டாட்டி யாரு? ஆண்டாயி. பிரேக் பிடிக்கலன்னா யாருக்குத் திரும்பவும் ஜீப்புல வேல? இதுவும் ஆண்டாயி. கட்டையக் கூடையிலேயே தயாரா வச்சிருந்தது யாரு?"

எல்லோரும் ஆண்டாயியைப் பார்த்தார்கள். பாலாமணியும் பார்த்தாள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. ஆண்டாயிக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

"தொரை" என்றார் ஆண்டாயி, மிக மெதுவாக. "ஒங்களக் கொல்றதுக்கு எண்ணெ தேவையில்ல. இத்தன நாளும் நான் கட்டைய ஒரு தடவ போடாம இருந்திருந்தாப் போதும்."

பதில் இல்லாதபோது உத்தரவு போடுவது அதிகாரிகள் வழக்கம், தனசிங்கும் போட்டார். "நாளைக்கு எனக்கு இதுல ஒரு முடிவு தெரியணும். இல்லன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மேலயும் மேல எழுதிருவேன். தெரிஞ்சே வண்டியக் கெடுத்தாங்கன்னுதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, நடந்தே ஆபீசுக்குப் போனார்.

ஆண்டாயி லயத்துக்குப் போனார். மூக்கன் சாமி மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தாய்யா பூசாரி. ஒஞ் சாமிக்கு எண்ணெ பத்தாமப் போச்சா?"

"என்னா புள்ள சொல்ற? ஒரு போத்தல் முழுக்க ஊத்துனேன்."

"அதேன் கேக்குறேன்! ஊத்துனியே, ஒரு வார்த்த யாரையாச்சும் கேட்டியா? பொண்டாட்டி சீட்டக் காப்பாத்தப் பூசாரி சதி பண்ணிட்டான்னு தொரை சொல்லுது. மல முழுக்க நம்புது."

மூக்கன் கூட்டுவதை நிறுத்தினார். "சதியா? எனக்கா? எனக்கு அவ்வளவு மூள இருந்தா நான் ஏன் பூசாரியா இருக்கேன்?"

இந்த வாதத்தின் நேர்மையில் ஆண்டாயியின் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர் யோசித்தார். பிரேக் கெட்டே கிடந்தால் பின்பலகை திரும்பக் கிடைக்கும். ஆனால் சதிகாரி என்ற பெயரோடு கிடைக்கும். பிரேக் பிடித்துவிட்டால் பெயர் மீளும், பின்பலகை போகும். ஆண்டாயி முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரம், ஒரு தகரப் பேணித் தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான்.

"எந்திரி. வண்டிகிட்டப் போவம்."

இராஜமாணிக்கம் ஜீப்பை ஆட்களை வைத்துத் தள்ளி, ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. மினுமினுப்பை வியந்தவர் அவரே என்பதைத் தனசிங் இன்னும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்ப்பதற்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும்.

"நாலு சக்கரத்தையும் கழட்டுங்க டிரைவரு" என்றார் ஆண்டாயி. "எண்ணெய எடுப்பம்."

"ஏனுங்கக்கா, குடிச்ச எண்ணெய எப்புடியுங்க எடுக்கறது?"

"தலையில தேச்ச எண்ணெய எப்புடி எடுக்குறோம்? சீயக்கா."

"எங்கூருல அரப்புங்க. அரப்புத்தான் எண்ணெய நல்லா எடுக்கும்."

"அரப்பா? தலமுடி கொட்டிப்போகும்."

"இதுக்கு ஏதுங்க முடி?"

ஆண்டாயி ஒரு பிறையைச் சீயக்காயில் ஊறவைத்தார். இராஜமாணிக்கம் வீட்டிலிருந்து அரப்புப் பொடி கொண்டுவந்து இன்னொரு பிறையைத் தேய்த்தார். இரண்டு பிறைகளும் நீராடி, வாசனையோடு, மங்களகரமாக வெளியே வந்தன. ஆண்டாயி கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்த்தார். இரண்டும் வழுக்கின. சிலோனுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையிலான அந்தப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்தது பெட்ரோல். கழுவக் கழுவப் பெட்ரோல் மஞ்சளானது. மேலாக இருந்த எண்ணெய் போனது. ஆனால் உள்ளே ஊறியது உள்ளேயே இருந்தது. ஆண்டாயி சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு பிறையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"வடசட்டிய அடுப்புல காயவிட்டா, பழைய எண்ணெ தானாக் கசிஞ்சு மேல வருமில்ல?" என்றார்.

"வருமுங்க…"

"அப்ப இதையும் காயவைப்பம்."

கவ்வாத்துக் கத்தி அடிக்கும் உலை ஷெட்டுக்குக் கீழே இருந்தது. பெட்ரோல் ஈரம் நன்றாகக் காயும்வரை பிறைகளை வெளிக்காற்றில் வைத்தார்கள். அதற்குள் மூக்கன் மூன்று தெய்வங்களை வேண்டிக்கொண்டார். பிறகு உலையின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு, பிறைகளை அடுக்கி, இதமான சூடு காட்டினார்கள். சொன்னதுபோலவே லைனிங்கின் மேல் எண்ணெய் வியர்வையாகத் துளிர்த்தது. துடைத்தார்கள், மறுபடி துளிர்த்தது, மறுபடி துடைத்தார்கள். துளிர்ப்பது நின்றபோது ஆண்டாயி ஓர் உப்புத்தாளை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"ஒரு மினுமினுப்பு இருக்கக்கூடாது. சொரசொரன்னு வரணும். பூசுன கைதேன் தேய்க்கணும்."

மூக்கன் தேய்த்தார். பச்சைப் பிள்ளைக்குத் தேய்த்த அதே கைகள் இப்போது கொல்லன் வீட்டுக் கைகள்போல் உழைத்தன. இடையில் ஒருமுறை, "சாமி கோவிச்சுக்காதா?" என்று கேட்டார். "சாமிக்கு வேண்டியது வண்டி நிக்கிறது. ஒனக்கு வேண்டியதுதேன் எண்ணெ" என்றார் ஆண்டாயி. மூக்கன் உப்புத்தாளை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

இதற்குள் இராஜமாணிக்கம் தம் பங்குக்கு ஒரு தப்பு செய்தார். டிரம் கழன்றிருக்கும்போது, பழக்கதோஷத்தில், இருக்கையில் ஏறிப் பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டார். பிடித்துக்கொள்ளப் பிறை இல்லாததால், சிலிண்டருக்குள் இருந்த குட்டிப் பிஸ்டன் தெறித்து வெளியே விழுந்தது. பின்னாலேயே பிரேக் ஆயிலும் கொட்டியது.

"யோவ்! கொழந்த பொறக்குறதுக்குள்ள தொட்டில ஆட்டுறியே!" என்று கத்தினார் ஆண்டாயி. எல்லாவற்றையும் மறுபடி துடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளி, பிறைகளையும் ஸ்பிரிங்குகளையும் மாட்டினார்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளைக்கு என்று இராஜமாணிக்கம் தடுமாறியபோது ஆண்டாயி சரியாகக் காட்டினார். கட்டையைப் போட்டுவிட்டுச் சக்கரத்தடியிலேயே குந்தியிருந்த காலத்தில் கூடலூர் மெக்கானிக் வந்து பழைய பிரேக்கைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்தவர். "அங்கன குந்திக்கிட்டு வேற என்னாத்தப் பாக்குறது? தொரை செருப்பையா?"

குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டதால் அதை வெளியேற்ற வேண்டியிருந்தது. இராஜமாணிக்கம் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்க, ஆண்டாயி சக்கரத்தின் பின்னால் படுத்து நிப்பிளைத் திறந்து மூடினார்.

"மிதி… மிதி… பிடிச்சுக்க! எடுக்காத காலை!"

"பிடிச்சிருக்கேனுங்க!"

நிப்பிள் வழியாக நுரை சீறியது. மூடினார். மறுபடி மிதி, மறுபடி பிடி. கடைசியில் நுரையில்லாமல் ஆயில் மட்டும் வந்தது. பெடல் மேலேயே கெட்டியாக நின்றது. இராஜமாணிக்கம் அதை மிதித்துப் பார்த்துவிட்டு, ஜன்மத்தில் முதன்முறையாகத் தரையைத் தொட்டவர்போல் சிரித்தார்.

மறுநாள் பெரட்டில் யாரும் மலைக்குக் கலையவில்லை. தனசிங் வந்தார். ஆண்டாயியின் புடவையில் கிரீஸும் கையில் கொப்புளமும் இருந்தன. இடுப்பில் கட்டை இல்லை.

"ஏறுங்க தொரை."

"கட்டை எங்கம்மா?"

"ஊட்ல. கொண்டாந்தா நீங்க வண்டிய நம்பமாட்டீங்க, அதைத்தேன் நம்புவீங்க."

தனசிங் ஜீப்பைப் பார்த்தார், இறக்கத்தைப் பார்த்தார், தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜனத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட தருணத்தில் ஏறாமல் இருக்க மிகுந்த தைரியம் வேண்டும். அவர் அவ்வளவு தைரியசாலி அல்ல, ஏறினார். உதடுகள் லேசாக அசைந்தன. ஆண்டாயி ஏறவில்லை. வளைவுக்கு நடந்து போய், போன தடவை ஜீப் ஏறிய இடத்துக்கு நேராக, ரோட்டின் நடுவில் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஏ புள்ள, தள்ளி நில்லு!" என்று மூக்கன் அலறினார்.

"நீ தேச்சது சரியா இருந்தா நான் ஏன் தள்ளி நிக்கணும்?"

பூசாரி தம் இரு கைகளையும் பார்த்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக எந்தச் சாமியையும் பார்த்ததில்லை.

ஜீப் இறங்கியது. முதல் கியரில் அல்ல, இரண்டாவதில். இராஜமாணிக்கத்துக்கும் ரோசம் உண்டு. இறக்கத்தின் பாதியில் அவர் பெடலை அமுக்கினார். நாலு சக்கரமும் ஒருசேர மண்ணைக் கவ்வின. ஜீப் மூக்கைத் தாழ்த்தி, ஆண்டாயிக்கு ஒரு கும்பிடு போட்டதுபோல் குனிந்து, நின்றது. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

மலை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. முதலில் கத்தியது பாலாமணி. "எங்க அக்காடி!" என்று, இதுவரை இல்லாத ஓர் உறவை அந்த நிமிஷமே உண்டாக்கிக்கொண்டு கத்தினாள்.

தனசிங் இறங்கிவந்தார். இறங்கும்போது பழக்கத்தில் சக்கரத்தடியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வண்டி நின்றுகொண்டே இருந்தது.

"மேல எழுதமாட்டேன்" என்றார்.

"எழுதுங்க தொரை. யாரு சரி பண்ணுனதுன்னு எழுதுங்க."

தனசிங் அதை எழுதினாரா என்பது தெரியாது. ஆனால் உத்தரவை மாற்றவில்லை. பிரேக் இருக்கிற வண்டிக்குக் கட்டை போட ஆள் எதற்கு என்று மேலே கேட்பார்கள். ஆண்டாயியும் மாற்றும்படி கேட்கவில்லை. "வேல இல்லாத எடத்துல ஒக்காந்து வர்றதுக்கு நான் என்னா மூட்டையா?" என்று கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார். பெண்கள் அவருக்கு நல்ல நிரையாகப் பார்த்து விட்டுக் கொடுத்தார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. பந்தலூர்ப் பக்கத்து மழை, வந்தால் போகிற விருந்தாளி அல்ல. ரோடெல்லாம் ஓடையானது. ஒருநாள் காலையில் இராஜமாணிக்கம், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி ஆண்டாயி நிற்கும் மலைக்கே ஏறிவந்தார்.

"அக்கா, பின்சக்கரத்துல என்னமோ சீறுதுங்க. வந்து ஒரு எட்டுப் பாருங்க."

"நீங்கதேன் டிரைவரு."

"நாந்தானுங்க மினுமினுப்புன்னு சொன்னவனும். வாங்கக்கா."

ஆண்டாயி நிரையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அதுவரை இராஜமாணிக்கம் மழையில் நின்றார். ரோட்டில் ஜீப் இருந்தது. ஜீப்புக்குள் தனசிங், இஸ்திரி போட்ட சட்டையோடு, பந்தலூரில் நடக்கும் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிய நிலையில் இருந்தார். ஆண்டாயி சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். டிரம்முக்குள் சேறு புகுந்து, ஒரு பக்கத்து லைனிங்கை அரைத்திருந்தது. கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இன்னைக்கு வண்டி எறங்காது தொரை."

"எறங்காதா? மெதுவாப் போனா என்னம்மா? கூட்டத்துக்கு நேரமாச்சு."

"மெதுவாப் போனா மெதுவா விழும்."

தனசிங் டிரைவரைப் பார்த்தார். இராஜமாணிக்கம் வானத்தைப் பார்த்தார். "அக்கா சொன்னாச் சரியாத்தானுங்க சார் இருக்கும்" என்றார் வானத்திடம்.

அந்த டிவிஷனில் யார் எந்த மலைக்குப் போவது, யாருக்கு எப்போது லீவு என்றெல்லாம் தீர்மானித்த மனிதர், குடையை விரித்துக்கொண்டு சேற்றில் காலை வைத்தார். பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு, ஓசையில்லாமல், அந்தக் கறுப்புக் குடை வளைவு வளைவாக இறங்கிப் போவதைப் பார்த்தார்கள். முதல் வளைவில் குடை நின்று திரும்பியது.

"ஆண்டாயி! நாளைக்காவது வண்டி ஓடுமாம்மா?"

ஆண்டாயி கையிலிருந்த பிறையை இப்படியும் அப்படியும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஊதினார்.

"பார்ப்பம்" என்றார்.